ஆளுக்கு ஆள் பல் வேறு, பிரஷ் மட்டும் ஏன் ஒன்று?

கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: செருப்புக்கு அளவு உண்டு, சட்டைக்கு அளவு உண்டு, மூக்குக்கண்ணாடிக்கும் உண்டு. பல் ஆளுக்கு ஆள் மாறும்போது டூத் பிரஷ் மட்டும் ஏன் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே அளவில் வருகிறது? பல்லின் அளவுக்குத் தகுந்தபடி தானே மாறிக்கொள்ளும், அல்லது நாமே மாற்றி வைத்துக்கொள்ளும் பிரஷ்ஷை வடிவமைக்க முடியுமா? கேட்டவர் பொருள் வடிவமைப்பு படிக்கும் மாணவர். தலையின் நீளத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு ஸ்லைடர், இழைகளின் உயரத்தை மாற்ற ஒரு திருகு என்று இரண்டு யோசனைகளையும் சொல்லி, இறுதியாண்டு புராஜெக்டாக எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறார்.

நான் பல் மருத்துவர் இல்லை. பிளாஸ்டிக் பொருள் வடிவமைப்பில் இருபது வருடத்துக்கு மேல் இருக்கிறேன், அதில் பாதிக்கு மேல் டூத் பிரஷ்ஷோடுதான் போயிற்று. அச்சு, இழை, கைப்பிடி பற்றி நான் சொல்வதைத் தைரியமாக எடுத்துக்கொள்ளலாம். ஈறில் ரத்தம் வருகிறது, பல் ஆடுகிறது என்றால் அது மருத்துவர் பார்க்க வேண்டிய விஷயம்.

இந்தக் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஆளுக்கு ஆள் மாறும் அளவு ஒன்று, ஒரே வாய்க்குள் பல்லுக்குப் பல் மாறும் அளவு இன்னொன்று. எல்லோரும் முதலாவதை நினைத்துத்தான் தொடங்குகிறார்கள், நானும் அப்படித்தான் தொடங்கினேன். அளந்து பார்த்தால் இரண்டாவதுதான் பெரிது. மேல்வரிசை நடுப்பல்லின் அகலம் சராசரியாக 8.5 மி.மீ. அதற்கு நேர் கீழே இருக்கும் பல் 5 மி.மீ. தான். கீழ்க் கடைவாயின் முதல் பெரிய பல் சுமார் 11 மி.மீ. ஒரே வரிசையில் இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம். அதே பல்லைப் பல பெரியவர்களிடம் அளந்தால், பெரும்பாலானவர்களுக்குச் சராசரியிலிருந்து ஒரு மில்லிமீட்டர் அளவுக்குள்தான் கூடும் குறையும். ஆண்களின் பற்கள் பெண்களுடையதைவிடச் சில சதவீதம் பெரியவை. மேல் பக்கப்பல் ஆப்பு மாதிரி சிறுத்துப்போனவர்கள் உண்டு, அசாதாரணமாகப் பெரிய பல் உள்ளவர்களும் உண்டு, ஆனால் அவர்கள் குறைவு. ஆக உங்கள் பிரஷ் கீழ் முன்பல்லிலிருந்து கடைவாய்க்கு நகரும் அந்த ஒரு நொடியில் சந்திக்கும் மாற்றம், அடுத்தவர் வாய்க்குப் போனால் சந்திக்கும் மாற்றத்தைவிட அதிகம். (போகவிட வேண்டாம், கணக்குக்குச் சொல்கிறேன்.)

அப்படியென்றால் இப்போது இருக்கும் பிரஷ் இந்த மாற்றத்தை எப்படிச் சமாளிக்கிறது? இழையால். ஒரு மென்மையான பிரஷ்ஷை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். ஒவ்வொரு துளையிலும் ஒரு கொத்து. நைலான் இழைகளை இரண்டாக மடித்து, நடுவில் ஒரு சின்ன உலோகத் தகடு வைத்து, துளைக்குள் அடித்து இறக்கியிருப்பார்கள். ஒவ்வொரு இழையும் ஏறக்குறைய 0.15 முதல் 0.18 மி.மீ. தடிமன், 10 அல்லது 11 மி.மீ. நீளம். இழை ஒவ்வொன்றும் ஒரு தனி வில். பல்லின் புடைப்பில் படும் இழை வளைந்து ஒதுங்கும், பள்ளத்துக்கு மேலே இருப்பது நேராக நின்று உள்ளே எட்டிப் பார்க்கும். ஆயிரத்துக்கு மேற்பட்ட வில்கள் ஒன்றையொன்று கேட்காமல் தனித்தனியே வளைகின்றன. இதைவிட மலிவான, இதைவிட வேகமான அளவுப் பொருத்தத்தை எந்த ஸ்லைடரும் தராது. பன்றி முடியில் பிரஷ் செய்த காலத்தில் தடிமன் கையில் இல்லை, முடி எப்படி வந்ததோ அப்படி. 1938-இல் நைலான் இழை வந்த பிறகுதான் தடிமன் என்பது வடிவமைப்பாளர் தீர்மானிக்கும் விஷயமானது. அமெரிக்க மருத்துவர் சார்லஸ் பாஸ் 1940-களின் கடைசியில் நல்ல பிரஷ்ஷுக்கான இலக்கணம் எழுதியபோது, 0.007 அங்குலத் தடிமன், முனை உருண்டையாக இருக்க வேண்டும் என்று கேட்டார். இன்றைய மென்மையான பிரஷ் அந்த எண்ணைச் சுற்றித்தான் இன்னும் நிற்கிறது.

இழைகளைப் பல்லின் வடிவத்துக்கே மேடும் பள்ளமுமாக வெட்டினால் இன்னும் நன்றாகப் பொருந்துமே என்று அடுத்துத் தோன்றும். நானும் முதலில் விழுந்த குழி இது. மேடு பல்லிடுக்கிலும் பள்ளம் பல்லின் முகத்திலும் உட்காரும்படி இழைகளை வெட்டுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். கீழ் முன்பற்களில் இடுக்குக்கு இடுக்கு சுமார் 5 மி.மீ. தூரம், கடைவாயில் 10, 11. ஓரிடத்துக்குச் சரியாக வெட்டினால் மற்ற இடத்தில் மேடு பல்லின் நடு முகத்தில் முட்டும். அதைக்கூட விடுங்கள். பிரஷ் ஓரிடத்தில் நிற்பதில்லை. அரை நொடி பொருந்தும், அடுத்த அரை நொடி நழுவும். நகர்கிற பொருளுக்கு, அது நகரும் திசையிலேயே மாறிக்கொண்டிருக்கும் ஒரு வடிவத்தைப் பொருத்திவைக்க முடியாது.

இந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டால் மீதியெல்லாம் வரிசையாகப் புரிந்துவிடும். பல்லில் கம்பி கட்டியவர்களுக்கான பிரஷ்ஷைப் பாருங்கள். நடு வரிசை இழைகள் குட்டையாக, ஓர வரிசைகள் நீளமாக, நெடுக ஒரு வாய்க்கால் ஓடும். கம்பியும் பிராக்கெட்டும் அந்த வாய்க்காலுக்குள் போகும், இரு ஓரமும் அவற்றுக்கு மேலும் கீழும் உள்ள பல்லைத் தேய்க்கும். இது வேலை செய்கிறது. கம்பியும் பிரஷ் நகரும் திசையிலேயே ஓடுவதுதான் காரணம். எங்கே தள்ளினாலும் வாய்க்கால் கம்பியின் மேல்தான் இருக்கும். மூன்று பக்கமும் இழை வைத்த பிரஷ்ஷும் அப்படித்தான். பல்வரிசையின் வெளிப்பக்கம், கடிக்கும் பக்கம், உள்பக்கம் என்ற மூன்றும் வரிசை நெடுக இருப்பவை, ஆகவே அந்தக் குறுக்குவெட்டை ஒரே தலையில் செய்துவிடலாம்.

மாணவரின் யோசனைக்கு உண்மையில் இடம் இருப்பது அந்த மூன்று பக்க பிரஷ்ஷில்தான். கடைவாய்ப் பல் கன்னப் பக்கத்திலிருந்து நாக்குப் பக்கம் வரை 10, 11 மி.மீ. கனம். முன்பல்லின் வெட்டும் முனை மெல்லியது. கடைவாய்க்கு அளவெடுத்த மூன்று பக்கத் தலையை முன்பல்லில் வைத்தால், இரு பக்க இழைகளும் பல்லை லேசாகத் தொட்டுக்கொண்டு போகும், அவ்வளவுதான். முன்பல்லுக்கு அளவெடுத்தால் கடைவாயில் அந்த இரு பக்கச் சிறகுகளும் விரிந்து ஈறில் குத்தும். இங்கே சிறகுகள் தாமாக விரிந்து குறுகினால் லாபம் இருக்கிறது. திருகு வேண்டாம். பாலிப்ரொப்பிலீன் தலையின் அடியில் ரப்பர் மாதிரியான டிபிஇ-யால் ஒரு மெல்லிய கீல் போட்டால் போதும். இரண்டையும் ஒரே அச்சு எந்திரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றி ஒட்டவைக்கலாம். யாருக்கு இது தேவை? தானாகத் தேய்த்துக்கொள்ள முடியாதவர்களுக்கு. படுத்திருக்கும் முதியவருக்கோ கை ஒத்துழைக்காத ஒருவருக்கோ இன்னொருவர் தேய்த்துவிடும்போது, வாய் திறந்திருக்கும் நேரமே கொஞ்சம். ஒரு இழுப்பில் மூன்று பக்கமும் முடிந்தால் அது பெரிய உதவி. பராமரிப்பாளர் தேய்த்துவிடும் இடங்களில் மூன்று பக்க பிரஷ் பயன் தருவதாக ஆய்வுகள் உண்டு. தானே தேய்த்துக்கொள்ளும் ஆரோக்கியமானவருக்குச் சாதாரண பிரஷ்ஷைவிட அது தெளிவாக மேல் என்று அதே உறுதியோடு சொல்ல முடியாது.

ஸ்லைடருக்கு வருகிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் தலை நீளும் மாதிரி ஒன்றைச் செய்தோம். குழந்தையிலிருந்து பெரியவர் வரை ஒரே பிரஷ் என்பது கனவு. காய்ந்த கையில் அழகாக ஓடியது. வீட்டுக்கு எடுத்துப் போய்ப் பயன்படுத்தினேன். பேஸ்ட்டில் இருப்பது நுண்ணிய சிலிக்கா அல்லது கால்சியம் கார்பனேட் தூள். அது தண்ணீரோடு சேர்ந்து தடத்துக்குள் இறங்கியது, இரவில் காய்ந்தது, காலையில் சிமென்ட். பத்தாவது நாள் ஸ்லைடர் அசையவில்லை. மூன்றாவது வாரம் அந்த இடுக்கில் ஒரு வாடை. பிரித்துப் பார்த்தபோது உள்ளே கருப்பாகப் படிந்திருந்ததைப் பற்றி இங்கே விரிவாக எழுதவில்லை. வாய்க்குள் போகும் பொருளில் தண்ணீர் தேங்கும் இடுக்கு வைக்காதே என்பதை அன்றைக்குக் கற்றேன். அதோடு, மூன்று நான்கு மாதத்தில் தூக்கிப்போட வேண்டிய பொருள் இது. நகரும் பாகம் ஒவ்வொன்றும் ஓர் அச்சு, ஒரு பொருத்தும் வேலை, கழன்றால் தொண்டையில் சிக்கக்கூடிய ஒரு துண்டு.

சரி, அளவு எங்கேதான் முக்கியம்? பல்லைச் சுற்றியிருக்கும் இடத்தில். வாயை அகலத் திறந்து, பிரஷ்ஷை மேல் வரிசையின் கடைசிப் பல்லின் கன்னப் பக்கத்துக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். போகாது. வாயைத் திறக்கத் திறக்கத் தாடை எலும்பின் ஒரு முனை முன்னால் வந்து அந்த இடத்தை அடைத்துவிடும். பாதி மூடினால்தான் கன்னம் தளர்ந்து வழி கிடைக்கும். கீழ் முன்பற்களின் உள்பக்கம் இன்னொரு நெருக்கடி. இரண்டு கோரைப்பற்களின் முனைகளுக்கு இடையே சுமார் 25 மி.மீ. தான், அதுவும் வளைவு. பழைய பாடநூல்களில் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் பெயரில் வரும் தலை நீளம் 25 முதல் 32 மி.மீ. அதைக் குறுக்காக அங்கே எப்படி வைப்பது? பிரஷ்ஷைச் செங்குத்தாகப் பிடித்து முனையால் தேய்க்கச் சொல்வது இதனால்தான். ஆளுக்கு ஆள் உண்மையில் பெரிதாக மாறுவதும் இந்த இடம்தான். தாடை அகலம், கன்னத்தின் இறுக்கம், வாய் எவ்வளவு திறக்கும், பிரஷ் பட்டதும் குமட்டுமா என்பதெல்லாம் சேர்ந்த கணக்கு அது. ‘என் பல்லுக்கு இந்த பிரஷ் பெரிது’ என்று யாராவது சொன்னால், பெரும்பாலும் அவர் வாய்க்கு அது பெரிது.

தலையைச் சின்னதாக்கிவிட்டால் போயிற்று என்று சொல்லலாம். நீளத்தைக் குறைப்பது சுலபம். தடிமன்தான் தொல்லை. பிளாஸ்டிக் தட்டு 4, 5 மி.மீ., அதன்மேல் இழை 11 மி.மீ. ஆக மொத்தம் 15, 16 மி.மீ. கன்னத்துக்குள் நுழைய வேண்டும். தட்டை இன்னும் மெலிதாக்கினால் கொத்தைப் பிடித்து நிற்கும் ஆழம் குறையும், இழைகள் பிடுங்கிக்கொண்டு வரும். அப்போது இழையைத்தான் குட்டையாக்க வேண்டும். இழையின் விறைப்பு நீளத்தின் மூன்றாம் அடுக்குக்குத் தலைகீழாக மாறும். 11 மி.மீ. இழையை 9 ஆக்கினால் வெட்டியது இரண்டே மில்லிமீட்டர், ஆனால் விறைப்பு 1.8 மடங்காகிறது. மென்மை என்று பெட்டியில் அச்சிட்ட பிரஷ் நடுத்தரத்தையும் தாண்டிவிடும். இழையின் தடிமனைக் குறைத்து ஈடுகட்டலாம். விறைப்பு தடிமனின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது என்பதால் 0.18-ஐ 0.155 ஆக்கினால் கணக்கு சரியாகிவிடும். ஆனால் அவ்வளவு மெல்லிய இழை சீக்கிரம் விரிந்து படுத்துவிடும், அதனால் துளைக்கு இன்னும் அதிக இழை திணிக்க வேண்டும், திணித்தால் கொத்து மறுபடி விறைக்கும். நான் வேலை செய்த வருடங்களில் பெரும்பகுதி இந்த வட்டத்தைச் சுற்றித்தான் போயிற்று. இழையின் அடியை உருக்கித் தட்டோடு ஒட்டும் முறை வந்த பிறகு உலோகத் தகட்டுக்கான ஆழம் தேவைப்படாமல் போய், தட்டு மெலிந்தது. பயன்படுத்துபவர் கண்ணுக்கே தெரியாத அந்த மாற்றத்தை, இந்தத் தொழிலில் நடந்த நல்ல காரியங்களில் ஒன்றாக நான் வைப்பேன்.

குழந்தைகளின் பிரஷ்ஷை வயதுவாரியாகப் பிரிப்பதற்கும் வாயின் இடம்தான் முதல் காரணம். அதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, அது அதிகம் பேசப்படுவதில்லை. ஆறு வயதை ஒட்டி, பால் பற்கள் ஒன்றும் விழாமலே, வரிசையின் கடைசியில் முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல் முளைக்கும். அது முழு உயரத்துக்கு வரப் பல மாதங்கள் ஆகும், சிலருக்கு ஒரு வருடத்துக்கும் மேல். அதுவரை முன்னால் இருக்கும் பால் பல்லைவிடத் தாழ்ந்து நிற்கும். பிரஷ்ஷை நேராக ஓட்டினால் தலை பால் பல்லின் மேல் சாய்ந்து, இந்தப் பள்ளத்தைத் தாண்டிப் போய்விடும். சொத்தை சுலபமாக விழும் பல்லும் இதுதான். அந்த ஒரு பல்லுக்கு மட்டும் பிரஷ்ஷைக் கன்னப் பக்கமிருந்து குறுக்காகக் கொண்டுவந்து தேய்க்க வேண்டும். தலையின் நுனியில் மட்டும் இழைகளைச் சற்று உயர்த்தி வெட்டுவதும் உதவும். இடுக்குகளுக்கு இழை வெட்டுவது வீண் என்றேனே, இது மட்டும் எப்படிச் சரி என்று கேட்கலாம். நுனிக்குப் பின்னால் வேறு பல் கிடையாது. அந்த இடத்தில் நுனி எப்போதும் அந்தப் பல்லைத்தான் சந்திக்கும்.

பல்லிடுக்கில் கதை வேறு. அங்கே பிரஷ் வரிசை நெடுக ஓடுவதில்லை. ஒரு துளைக்குள் போய் வருகிறது, ஆகவே அளவுப் பொருத்தம் முழுதாக வேலை செய்கிறது. பல்லிடுக்கு பிரஷ்களுக்கு ஐஎஸ்ஓ 16409 என்று சர்வதேசத் தரநிலையே இருக்கிறது. எவ்வளவு சிறிய துளைக்குள் அது மடங்காமல் நுழைகிறது என்பதை வைத்து 0 முதல் 8 வரை எண் கொடுப்பார்கள். 0 என்பது 0.6 மி.மீ. வரை, அடுத்தது 0.7, 0.8 என்று ஏறிக்கொண்டே போகும். ஒரே ஆளுக்கு முன்னால் ஒன்று, பின்னால் இன்னொன்று என்று இரண்டு மூன்று அளவு தேவைப்படுவது சகஜம். நெருக்கமான இடுக்கில் தடித்ததைத் திணித்தால் ஈறு காயப்படும், அகலமான இடுக்கில் மெல்லியதை விட்டால் சும்மா காற்றில் ஆடும். எந்த இடுக்குக்கு எந்த எண் என்பதை ஒரு தடவை மருத்துவரிடமோ அங்கே பல் சுத்தம் செய்பவரிடமோ கேட்டுக்கொள்வது நல்லது. செருப்புக்கடை மாதிரி அளவு பார்த்து வாங்கும் பல் பிரஷ் வேண்டும் என்றால், அது ஏற்கெனவே இருக்கிறது.

ஆளுக்கென்றே வார்த்த பிரஷ்ஷையும் செய்து பார்த்துவிட்டார்கள். பல்வரிசையை ஸ்கேன் செய்து, வாய்க்காப்பு மாதிரி, உள்ளே இழைகளோடு முப்பரிமாண அச்சில் எடுத்த பிளிஸிடென்ட் 2013-இல் வந்தது. சில நொடிகளில் எல்லாப் பல்லும் தேய்ந்துவிடும் என்பது அதன் வாக்குறுதி. நகரும் பொருளுக்குப் பொருத்த முடியாது என்ற சிக்கலை, நகர்த்தாமல் விட்டு அது தாண்டப் பார்த்தது. யோசனை புத்திசாலித்தனம்தான். ஆனால் பல்லில் ஒட்டியிருக்கும் கிருமிப் படலத்தைக் கிளப்புவது இழை முனையின் அசைவு. கடித்து அசைக்கும் சின்ன அசைவு ஈறோரத்தில் போதுமா என்பது வேறு கேள்வி. எல்லோருக்கும் பொதுவான அளவில் வரும் யு வடிவ மின் பிரஷ்களை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அவற்றைச் சோதித்ததில், தேய்க்காமல் விட்டதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று முடிவு வந்த ஆய்வு உண்டு. பொருத்தமும் இல்லாமல் அசைவும் இல்லாமல் போனால் வேறென்ன வரும்?

சான்று ஓரளவு உறுதியாக இருக்கும் இடங்கள் இரண்டு மூன்றுதான். மின் பிரஷ் பற்றி 2014-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு வந்தது. மூன்று மாதம் தாண்டிப் பயன்படுத்தியபோது கையால் தேய்ப்பதைவிடப் படலம் 21 சதவீதமும், ஈறு அழற்சி 11 சதவீதமும் குறைவு என்றது. அதில் அதிகச் சான்று உள்ள வகை சுழன்று திரும்பும் சின்ன வட்டத் தலை. அந்தத் தலை ஒரு நேரத்தில் ஒரு பல்லைத்தான் பார்க்கிறது, நிறுத்தி நிறுத்திப் போகச் சொல்கிறது. அளவுச் சிக்கலை அது அப்படிச் சுற்றிக்கொண்டு போகிறது என்பது என் ஊகம், ஆய்வின் முடிவு இல்லை. மட்டமாக வெட்டிய இழையைவிடக் குறுக்கும் நெடுக்குமாகச் சாய்ந்த இழை கொஞ்சம் மேல் என்பதற்கும் ஆதரவு உண்டு, வித்தியாசம் சிறிது. பல்லிடுக்கு பிரஷ் சேர்த்துக்கொண்டால் வெறும் பிரஷ்ஷைவிட நல்லது என்று 2019-இல் வந்த இன்னொரு காக்ரேன் தொகுப்பு சொன்னது, ஆனால் சான்றின் உறுதி குறைவு என்று அதுவே குறித்தது. பெட்டியில் அச்சிடும் ‘அளவுக்கேற்ப வளையும் தலை’ என்பதை விளம்பர வாசகமாகவே எடுத்துக்கொள்வேன், என் பழைய பெட்டிகள் உட்பட.

இனி புராஜெக்ட். எடுக்கலாம், ஆனால் வரைபடத்திலிருந்து தொடங்க வேண்டாம். மருந்துக்கடையில் படலத்தை நிறம் காட்டும் மாத்திரை கிடைக்கும். வழக்கம்போல் பல் தேய்த்துவிட்டு அதை மென்று துப்புங்கள், சின்னக் கண்ணாடியால் கடைசிப் பல்லின் பின்பக்கம் வரை பார்த்து, நிறம் எங்கே நிற்கிறதோ அங்கே ஒரு படத்தில் குறியுங்கள். ஒரு வாரம் தினமும் செய்யுங்கள், சம்மதிக்கும் நான்கைந்து நண்பர்களிடமும் செய்யுங்கள். இன்னொன்று, எடை பார்க்கும் மின் தராசில் பிரஷ்ஷை நீங்கள் பல்லில் அழுத்துவது போலவே அழுத்திப் பாருங்கள். 200, 300 கிராம் பக்கம் காட்டினால் சரி. 500 காட்டினால் அந்த அழுத்தத்தில் எந்த இழையும் தனியாக வளையாது, மொத்தமாகப் படுத்து பக்கவாட்டால் தேய்க்கும், நீங்கள் போட்ட தலை வடிவத்துக்கு அங்கே அர்த்தமே இருக்காது. பிறகு ஒரு பல் மாதிரி வாங்கி, பெயின்ட் பூசி, 200 கிராம் எடையைக் கட்டித் தொங்கவிட்டு, ஒரே எண்ணிக்கையில் இழுத்து, பெயின்ட் எங்கே மிஞ்சுகிறது என்று உங்கள் தலையையும் கடைத் தலையையும் ஒப்பிடுங்கள். நிறம் மிஞ்சிய இடங்கள் கீழ்க் கடைவாயின் நாக்குப் பக்கத்திலும் பல்லிடுக்குகளிலும்தான் அதிகம் இருக்கும் என்று நினைக்கிறேன். அப்படி வந்தால் ஸ்லைடரை விட்டுவிட்டு, சிறகு கீல் வைத்த மூன்று பக்கத் தலையைப் பராமரிப்பாளர்களுக்காக வரையுங்கள். வேறு மாதிரி வந்தால் அந்தப் படத்தை இங்கே போடுங்கள், பார்க்க ஆசையாக இருக்கிறது.